புதுசை உடைக்கிற மேஜை

கம்பெனி குடோன்ல எனக்கு என்ன வேலை தெரியுமா? புத்தம் புதுப் பொருளைச் சுத்தியலால அடிச்சு நொறுக்கறது. ஃபோன், பாட்டு கேக்கற இயர்ஃபோன், காது மந்தமானவங்க மாட்டிக்கற சின்ன மெஷின், எல்லாம் பெட்டி பிரிக்காம என் மேஜைக்கு வரும். ஏதாவது கோளாறான்னு கேக்காதீங்க. ஒரு மண்ணும் இல்லை. புது மாடல் வருது, அவ்வளவுதான். பழைய மாடல் கம்மி விலைக்குக் கடையில கெடந்தா புதுசை எவன் வாங்குவான்? அதனால பெட்டியைக் கிழி, பேட்டரியை உருவு, நடு மண்டையில ஒரு போடு, தொட்டியில தள்ளு.

எதிர் மேஜை இதைவிட அசிங்கம். புது மாடலை வாங்கி நாலு நாள் மாட்டிப் பார்த்துட்டு, பிடிக்கலைன்னு திருப்பி அனுப்பறாங்க இல்ல, அது அங்க வரும். யார் யாரோ காது அழுக்கு மஞ்ச மஞ்சளா அப்பியிருக்கும். சிலதுல சீழ் காஞ்சு கெடக்கும். அங்க இருக்கற பொண்ணு பஞ்சால துடைச்சு, புதுப் பெட்டியில வெச்சு, மேல கண்ணாடிப் பேப்பர் ஒட்டி விட்டுடுவா. அது புதுசுன்னு கடைக்குப் போகுது. நிஜமான புதுசு என் கையால சாகுது. இந்தக் கூத்தைப் பார்த்துட்டு மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கறதே இல்லை.

என் அக்கா மகளுக்குக் காது மந்தம். அவளை வாலுன்னுதான் கூப்பிடுவோம். வாயசைவைப் பார்த்தே பாதியைப் புரிஞ்சுக்குவா, மீதியை அதட்டிக் கேட்டு வாங்கிக்குவா. ஆனா டீச்சர் போர்டு பக்கம் திரும்பிட்டா போச்சு, ஒண்ணும் புரியாது. பரீட்சையில எல்லாத்துலயும் கோட்டை விட்டுட்டா. லீவு முடிஞ்சு மெஷினோட வந்தாத்தான் சேர்த்துக்குவேன், இல்லைன்னா வேற பள்ளிக்கூடம் பாருங்கன்னு தலைமை டீச்சர் கறாராச் சொல்லிட்டாங்க. கடையில வாங்கற விலையா அது? அக்கா என் முகத்தைப் பார்த்தா. தினமும் அதே மெஷினைத் தூளாக்கிட்டு வர்றவ நான்தானே.

எங்க சூப்பர்வைசருக்கு நாங்க வெச்ச பேரு சிரிப்பு. ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதும் பல்லைக் காட்டிக்கிட்டேதான் தூக்குவார். வெக்கத்தை விட்டு அவர்கிட்ட போய் நின்னேன்.

"சார், எப்படியும் உடைக்கப் போறதுதானே. காது மெஷின் ஒண்ணு கொடுங்க சார். என் அக்கா மகளுக்கு."

"ஏம்மா, உனக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கை நீட்டுவாங்க. பழைய மாடல் ஒண்ணுகூட கேட்டைத் தாண்டக் கூடாது, தெரியும் இல்ல?" அப்புறம் பெரிய தர்மப்பிரபு மாதிரி குரலைத் தணிச்சு, எதிர் மேஜையைக் காட்டினார். "வேணும்னா அதுல ஒண்ணு பாதி விலைக்கு வாங்கித் தர்றேன்."

பார்த்தேன். சீழ் ஒட்டினது.

"இதைக் குழந்தை காதுல வைக்கச் சொல்றீங்களா சார்?"

"அதான் துடைப்பாளே."

திரும்பி என் இடத்துக்கே போயிட்டேன்.

அடுத்த வாரம் அவரே வந்து நின்னார். தலைமை ஆபீஸ்ல இருந்து பெரிய மேடம் வர்றாங்களாம். காது கேக்காத குழந்தைக்குக் கம்பெனி சார்பா மெஷின் கொடுக்கப் போறாங்களாம். "உன் அக்கா மகளையே கூட்டிட்டு வாயேன்மா"ன்னார். இந்த மனுஷனையா இத்தனை நாள் கரிச்சுக் கொட்டினோம்னு எனக்கே கூச்சமா போச்சு. அக்கா அன்னைக்கு அழுதுட்டா.

மேடம் வந்தாங்க. கேமராக்காரன் வந்தான். என் மேஜைக்கு மேல துணி விரிச்சு, சுத்தியலை எடுத்து ஒளிச்சு வெச்சாங்க. மெஷினை வாலு காதுல பொருத்தினதும் அவ கண்ணு ரெண்டும் விரிஞ்சுது. நான் நடந்தா என் செருப்பைப் பார்க்கறா. மேல ஃபேனைப் பார்க்கறா. பெட்டி ஒண்ணு சரசரன்னதும் கலகலன்னு சிரிச்சா. "இனிமே உலகமே உன்கூடப் பேசும் கண்ணு"ன்னு மேடம் அவ கன்னத்தைத் தட்டினாங்க. நாலு பக்கமும் நிக்க வெச்சுப் படம் எடுத்தாங்க. மேடம் கார் ஏறிப் போனாங்க.

வாலு ஜன்னல்கிட்ட நின்னு வெளிய சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தா. அவ முதுகுக்குப் பின்னாடி சிரிப்பு வந்து நின்னார்.

"படம் எடுத்தாச்சு இல்ல, கழட்டு. உடைக்க வேண்டிய பீஸ் அது. சீக்கிரம்."

என்கிட்டதான் சொன்னார். வாலு திரும்பினா. அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. தானே கழட்டி அவர் உள்ளங்கையில வெச்சா. "தேங்க்ஸ் அங்கிள்"னு வேற சொன்னா. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அவர் அதைக் கொண்டுவந்து என் மேஜையில போட்டார். சுத்தியலை நீட்டினார்.

"நான் உடைக்க மாட்டேன் சார்."

"நாளையில இருந்து வராத அப்போ"ன்னு பல்லைக் காட்டினார். கழுத்து டை அழுக்காயிடும்னு தூக்கித் தோள்மேல போட்டுக்கிட்டு, மெஷின் மேல அவரே ஒரு போடு போட்டார். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மம்.

பஸ்ல ஜன்னலோர சீட்டுல உட்கார்ந்து வாலு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தா. என் மனசு கேக்கலை. அவ முகத்தை என் பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "அந்த மெஷின்ல ஏதோ கோளாறாம்டி. சரி பண்ணித் தர்றேன்னுதான் அந்த அங்கிள் சொன்னாரு."

காது கேக்காத பிள்ளைக்குக் குரல் எப்பவும் பெருசு. பஸ்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

"பொய் சொல்லாத சித்தி. படம் எடுத்தாச்சு கழட்டுன்னு பின்னாடி நின்னு அவர் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமக் கேட்டுது. அது நல்ல மெஷின் சித்தி."