புகையாத கட்டி

கஸ்பர் இரண்டு மரத்தூள் கட்டிகளைக் காதருகே கொண்டுபோய் மெல்ல மோதினார். 'தொப்' என்று வந்தது. முகத்தைச் சுளித்து, அடுத்த பொதியைப் பிரித்து வேறு இரண்டை எடுத்தார். கண்ணை மூடி மோதினார்.

"என்ன கஸ்பர் அண்ணை, உள்ளுக்க யாரும் பேசுறாங்களா?" என்றான் ரஸாக். நாலு வீடு தள்ளி இருப்பவன். குழாய் வேலைக்குப் போகும் தன் பிக்கப்பில் மூன்று கடைகளின் கட்டிகளை ஏற்றிவந்து கராஜில் இறக்கியிருந்தான்.

"உன்ர வாயை மூடினாத்தான் கேக்கும்."

மரம் அறுக்கும் ஆலையில் மிஞ்சும் தூளை இறுக்கி, செங்கல்லைப்போல வார்த்த கட்டிகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். போன பனிக்காலத்தில் பைன் மர வாசனைக்கு மயங்கி அவர் வாங்கியவை அடுப்பில் புகைந்து, மனைவி கிளடிஸின் நெஞ்சு அடைத்து, அம்புலன்ஸ் வந்தது. அன்றிலிருந்து அவள் மார்க்கம் நகரில், மகள் ஸ்டெபனி வீட்டில். வோபர்னில், இந்த வீட்டில், கஸ்பர் மட்டும். வீட்டில் எரிவாயுச் சூடு இருக்கிறதுதான். ஆனால் தோட்டத்தைப் பார்த்த அந்தப் பின்னறைக்கு வந்து சேருவதற்குள் அது களைத்துவிடும். இருவரும் உட்கார்ந்து பழகியதோ அந்த அறையில், அந்த விறகடுப்பின் முன்னால். வேறு அறைகளில் அவர்களுக்குப் பேச்சே வராது.

இன்று பின்னேரம் கிளடிஸ் வருகிறாள். மகளின் நிபந்தனை ஒன்றுதான். அடுப்புப் புகைந்தால் அம்மா திரும்பவும் மார்க்கம். பிறகு இந்த வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அங்கேயே.

ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் போட்டார். முதலாவது வாத்துக்குஞ்சுபோல மிதந்தது. இரண்டாவது மூழ்குவதா வேண்டாமா என்று யோசித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து பழைய பலகையின் வர்ணச் செதில்கள் மினுங்கிக்கொண்டு மேலே வந்தன. மூன்றாவது நேரே அடிக்குப் போய் இருந்துகொண்டது. அதன் உடம்பிலிருந்து சின்னக் குமிழிகள் மணிமாலைபோல ஏறின. வாளிக்குள் ஒரு அறை தெரிவதுபோலவும், அதற்குள் மஞ்சள் வெளிச்சத்தில் யாரோ காலை நீட்டி இருப்பதுபோலவும் கஸ்பருக்குத் தோன்றியது.

"அண்ணை, மீன் பிடிக்கிறீங்களா? இதுதானே அடியில தாண்டிட்டுது, நல்லா இறுகின கட்டி. இதையே எரிப்பம்."

"நனைஞ்சதை எரிக்கேலாதடா. எவ்வளவு நல்ல கட்டியெண்டாலும் ஈரம் பட்டா ஊதிப் பொங்கும். ஊதினது புகைக்கும்."

அதே வகையில் காய்ந்த ஒன்றை முற்றத்தில் எரித்துப் பார்த்தார்கள். வெடிக்காமல், சிதறாமல், யோசித்து யோசித்து எரிந்தது. மிஞ்சிய சாம்பல், விபூதிப் புதனுக்குத் தேவாலயத்தில் சுவாமியார் நெற்றியில் பூசுவதுபோல மாவாக இருந்தது. மற்றப் பொதிகளை ரஸாக் திருப்பி ஏற்றிக்கொண்டு போனான். கஸ்பர் நல்ல கட்டிகளைப் பிரித்து கராஜில் அடுக்கினார். மோதிப் பார்த்ததும் 'ணங்' என்று சொன்ன முதல் இரண்டை மட்டும் சமையலறைக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜின்மேல் வைத்தார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போகவர ஒருமுறை தொட்டுக்கொள்ளலாம்.

கிளடிஸ் வந்தபோது பனி மெல்லத் தூவத் தொடங்கியிருந்தது. அவளை இறக்கிவிட்ட ஸ்டெபனி எஞ்சினை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, வன் காஃப். ஒரு இருமல் வந்தாலும் நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிடுவன். ஓகே?"

"ஓகே பிள்ளை."

அவர் குளித்துவிட்டு வந்து, அடுப்புக்குக் கட்டி எடுக்கக் கராஜுக்குப் போனார். மேலடுக்கைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வழுவழுவென்று இருந்த கட்டிகளில் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. சில வாய் பிளந்து தூளைக் கக்கின. அடுக்கின் ஓரத்தில், மாதா உருவத்தில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல். மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்தது. மூடியான நீலக் கிரீடம் கழன்று கிடந்தது. போத்தலில் புனித தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை.

புதுக் கார், புது ஃபிரிட்ஜ், மகள் சோதனைக்குக் கொண்டுபோன பேனை எல்லாம் அந்தத் தண்ணீரைக் கண்டவைதான். கிளடிஸ் தெளிப்பதில்லை. ஊற்றுவாள்.

ஒரு கட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"இஞ்சரும், இதுக்கு என்ன செய்தனீர்?"

"மாதா தண்ணி தெளிச்சனான். ஏனப்பா, அம்மை போட்ட மாதிரிக் கிடக்கு?"

"தெளிச்சனீரோ, ஞானஸ்நானம் குடுத்தனீரோ? கீழடுக்கையும் விடேல்லையே!"

"தூக்கித் தூக்கித் தெளிச்சனான். கீழ கிடக்கிறது பாவமில்லையோ?"

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிளடிஸ் அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் விரல் பட்ட இடம் உதிர்ந்து மடியில் விழுந்தது.

"புகைக்கக் கூடாதெண்டு மன்றாடித்தான் ஊத்தினன்" என்றாள். "எனக்கு மார்க்கத்துக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையப்பா. அங்க ஒரு குறையுமில்லை. ஆனா கதிரையெல்லாம் ரிவியைப் பாத்துக்கொண்டு நிக்குது."

கஸ்பர் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜின்மேல் இருந்த இரண்டு கட்டிகளையும் குழந்தைகளைப்போல அணைத்துக்கொண்டு வந்தார்.

"இதுகள் ரெண்டும் ஞானஸ்நானம் இல்லாததுகள். பறவாயில்லையோ?"

கிளடிஸ் சிரித்தாள். சிரிப்பு நெஞ்சில் எங்கோ தடக்கி, இருமலாக வெளியே வந்தது. அதே நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. இருமல் நிற்குமுன் எடுத்தாள்; கை தவறி ஸ்பீக்கரில் விழுந்தது.

"அம்மா! வாஸ் தட் எ காஃப்? அப்பா, அடுப்பு ஒன் பண்ணிட்டீங்களா?"

"இன்னும் நெருப்பே வைக்கேல்லை பிள்ளை. கொம்மா சிரிச்சவ."

"சிரிச்சவவா? வொய்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் வாறன். ஐ ஹாவ் டு சீ" என்று ஸ்டெபனி போனை வைத்தாள்.

கஸ்பர் சுள்ளி வைத்து மூட்டி, இரண்டு கட்டிகளையும் இடைவெளி விட்டு நிறுத்தினார். நெருப்பு அவற்றைச் சுற்றிவந்து மோந்து பார்த்தது. பிறகு பிடித்துக்கொண்டது. அவர் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கி, கூரையை அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கியின் வாயில் புகை இல்லை. காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தெருவிளக்கு தண்ணீருக்குள் கிடப்பதுபோல அசைந்தது. வானத்திலிருந்து இறங்கிய பனித்துகள்கள் அந்த இடத்துக்கு வந்ததும் இல்லாமல் போயின.

பக்கத்தில், யன்னலுக்குள், மஞ்சள் வெளிச்சத்தில் கிளடிஸ் அடுப்பின் முன் காலை நீட்டி இருந்தாள். வெறும் மாதா போத்தல் மடியில் கிடந்தது. தெருமுனையில் ஒரு காரின் வெளிச்சம் திரும்பியது. அவள் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தாள். தோள்கள் உயர்ந்தன. வெளியே, பனிக்குள், கஸ்பர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார்.