வசனத்தில் இல்லாத மூன்று நிமிடம்

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்த படம் அது. மற்ற ஆறு நாளும் இயக்குநர் ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். தயாரிப்பாளர் என்று ஒருவர் கடைசிவரை அகப்படாததால் நடிகர்களும் வீட்டிலிருந்தே வந்தார்கள். கதாநாயகன் அத்தான், படத்திலும் அவருக்கு மனைவியாக அக்கா. அத்தான் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். அதனாலேயே அவளுக்கு அவர் வேண்டியிருந்தது.

ஒரே ஒரு காட்சி பாக்கி. வேலை போன விஷயத்தைக் கணவன் வந்து சொல்கிறான். மனைவி பேசாமல் துணி மடிக்கிறாள். நான்கு முறை தள்ளிப்போய்விட்டது. ஒருமுறை மழை, ஒருமுறை பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம், கடைசி இரண்டு முறை அத்தானுக்கு உடம்பு சரியில்லை.

"இன்னைக்கு முடியலன்னா என்னை மறந்துடு. நாளைலேருந்து ரெண்டு மாசம் வேற படம்," என்றான் கேமராமேன்.

அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டாள், திரும்ப விலக்கினாள், நாற்காலியை நகர்த்தினாள்.

"உக்காருடி, பாக்கிற எனக்கே தலை சுத்துது," என்றாள் அக்கா.

மூன்று டேக் வீணாயிற்று. அத்தான் வாசல்வரை வருவார், வாயைத் திறப்பார், திரும்பிப் போய்விடுவார்.

"ரெண்டே வார்த்தைதானே அத்தான்!"

"தெரியும்மா," என்றார்.

நான்காவது டேக்கில் சொல்லிவிட்டார். "வேலை போச்சு."

அக்கா துணி மடித்தாள். அத்தான் நிறுத்தவில்லை.

"இருபத்திமூணு நாளாச்சு. பட்டறைய மூடிட்டாங்க. நீ கட்டித் தர்ற சாப்பாட்ட லைப்ரரி படியில உக்காந்து சாப்பிட்டுட்டு வர்றேன்."

பாதி மடித்த சட்டையில் அக்காவின் கை நின்றது. "இது வசனத்துல இல்லையே."

"இல்ல."

கேமராமேன் நிறுத்தவா என்று திரும்பிப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று கைகாட்டினாள். அதன்பின் கேமரா மூன்று நிமிடம் ஓடியது. அக்கா அழவில்லை. "அவ்வளவு வெயில்ல அங்கயா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாம் முடிந்ததும் அக்கா தங்கையிடம் வந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

"வாய் வரலக்கா."

"கை மட்டும் வந்துச்சே."

அடுத்த இரண்டு வாரம் தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. எடிட்டிங்கில் அந்தக் காட்சியைச் சேர்த்தாள், எடுத்தாள், மறுபடி சேர்த்தாள். மருத்துவமனையில் ஒரே டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்து ஏச்சு வாங்கினாள். அக்கா வீட்டுக்கு மூன்று முறை போய் ஒன்றும் கேட்காமலே திரும்பினாள். நான்காவது முறை அத்தானே பேச்செடுத்தார்.

"கேமராவுக்காக நான் சொல்லலம்மா. ஆனா அது இல்லன்னா சொல்லியிருக்கவே மாட்டேன்."

அக்கா சமையலறையிலிருந்தே சொன்னாள்: "போட்டுக்கோ. உனக்காக இல்ல. மூணு வருஷம் லீவு நாளெல்லாம் வந்து நின்னாரே, அதுக்காக."

நாற்பது நாற்காலி கொண்ட சின்ன அரங்கில் படம் திரையிடப்பட்டது. அந்தக் காட்சி தொடங்கியதும் அக்கா எழுந்து வெளியே போனாள். அந்த மூன்று நிமிடத்தில் பார்ப்பவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் தங்கை அத்தனை நாள் காத்திருந்தாள். இருந்தும் எழுந்து அக்காவின் பின்னால் போனாள்.

"உள்ள போ. உன் படம்," என்றாள் அக்கா.

"பரவால்லக்கா."

கதவுக்கு அந்தப் பக்கம் அத்தானின் குரல் கேட்டது. உள்ளே ஒருவரும் இருமக்கூட இல்லை.

"அடுத்த படத்துக்கு எங்களக் கூப்பிடாத," என்றாள் அக்கா.

"சரி."

அக்கா அவள் கையைப் பிடிக்கவில்லை, விலகியும் நிற்கவில்லை.