அழுத்தம் என்று சுருக்கினேன்

1.

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது சில கழிவுகள் உண்டாகும். அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் உடலில் போதவில்லையென்றால் கருமுட்டையின் தரம் குறையலாம். அந்த நிலையை ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்று எழுதினேன். நான்காம் பக்கத்தில் கை சலித்துவிட்டது. வெறும் ‘அழுத்தம்’ என்று சுருக்கினேன்.*

2.

பள்ளிபாளையத்தில், காவிரிப் பாலத்தில் நின்றபடி தமிழ்ச்செல்வி–

(வேண்டாம். அவள் பாலத்தில் நிற்கவேயில்லை.)

தமிழ்ச்செல்விக்கு முப்பத்தாறு வயது. துண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஒன்பது வருடமாகச் செக்கிங் சூப்பர்வைசர். ஐவிஎஃப் இரண்டு முறை கைகூடவில்லை. மூன்றாவதற்கு முன் டாக்டர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளோடு என் கையேட்டையும் கொடுத்தார். மாமியார் சென்னியம்மாள் கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார்.

“அழுத்தம் இருந்தா முட்டை கெட்டுப்போகும்னு அச்சுலயே போட்டிருக்குது சாமி. வேலை டென்ஷன்லதான் ரெண்டு தடவையும் போயிருச்சு. வேலையிலிருந்து நின்னுக்கோ.”

கணவன் சரவணக்குமார் வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா சொல்றது சரிதானே” என்றான்.

அவள் நின்றுகொண்டாள்.

(சென்னியம்மாளைக் கொடுமைக்காரியாக எழுத மூன்று முறை முயன்றேன். வரவில்லை. மருமகளுக்குத் தினமும் மாதுளை உரித்துக் கொடுத்தவர் அவர்.)

3.

தமிழ்ச்செல்வி மையத்தில் என் எண்ணை வாங்கி அழைத்தாள்.

“அக்கா, அந்த அழுத்தம்னா மனசுல வர்றதுங்களா?”

“இல்லீங்க. அது செல்லுக்குள்ள நடக்கறது. நான் வேலை டென்ஷனைச் சொல்லலீங்க.”

“அப்ப நான் வேலையை உட்டது?”

அதற்கு நான் மிகுந்த பக்குவத்தோடு– (பொய்.) “உங்க ஊட்டுக்கே வந்து சொல்றேனுங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

4.

போனேன். கையேட்டைப் பிரித்து என் பிழையைக் காட்டினேன்.

“மாத்திரையாச்சும் வேலை செய்யுமா?” என்றார் சென்னியம்மாள்.

“உறுதியாச் சொல்ல முடியலீங்க. ஆராய்ச்சி இன்னும் நடக்குதுங்க.”

“தெரியாததை ஏன் புத்தகமாப் போடறீங்க?”

அவர் மருமகளிடம் திரும்பினார். “திங்கக்கெழமை கம்பெனிக்குப் போ சாமி.”

அவள் நாற்காலியில் அதற்குள் வேறொருத்தி. சாதாரண செக்கிங் வேலைதான் கிடைத்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாவது முறை கரு வைத்த பிறகும் போய்வந்தாள்.

5.

முதலில் இரட்டைக் குழந்தைகளோடு முடித்தேன், கிழித்தேன். பிறகு அழுகையோடு, அதையும் கிழித்தேன். நான் கதை எழுதுவது அவளுக்குத் தெரியும். ரிசல்ட் வந்த அன்று அவளே அழைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, “கதையில இதை எழுதிராதீங்க அக்கா” என்றாள். “ஊர்ல பாக்கறவிங்க எல்லாம் கேக்கறாங்க. படிக்கறவிங்களாவது கேக்காம இருக்கட்டும்.”

எழுதவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அவளிடம் மட்டும் கேட்காதீர்கள்.

* மையத்தில் திருத்தச் சொன்னேன். இன்னும் ஆயிரம் பிரதி இருக்கிறது, தீரட்டும் என்றார்கள்.