மூச்சடக்கும் போட்டி

அந்த எட்டு மாதங்களில் தன் மகளைப் பற்றி நீச்சல் பயிற்சியாளருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி, அவள் தண்ணீருக்கடியில் ஒன்றே முக்கால் நிமிடம் மூச்சடக்கியதுதான்.

ஐந்து வயதுவரை ஒல்லிக்குச்சியாக இருந்தவள். அதன்பிறகு அந்த எட்டே மாதத்தில் மளமளவென்று பதினான்கு கிலோ ஏறிவிட்டது. திருட்டுத்தனமாக ஊட்டுவது யார் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு ஓய்ந்திருந்தார்கள். இளைக்கட்டும் என்றுதான் தான் பயிற்சி தரும் நீச்சல் குளத்துக்கு அவளைத் தினமும் அழைத்துப்போனார். பிள்ளைகள் வைத்த போட்டியில் எல்லாரும் திணறி மேலே வந்தபின்னும் இவள் அடியிலேயே இருந்தாள். வந்தபோது இரைக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. குளிர் என்று நினைத்துத் துண்டால் போர்த்திவிட்டு, அவரே முதலில் கைதட்டினார்.

"எங்க பரம்பரையிலயே இப்படியொரு மூச்சு கிடையாது," என்றார் வீட்டில்.

"உங்க பரம்பரையில குறட்டைதானே உண்டு," என்றாள் மனைவி.

எடைக்காகப் பார்த்த ஹார்மோன் டாக்டரிடமும் பெருமையடித்தார். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார்.

"வெளிய வந்ததும் மூச்சு வாங்கிச்சா?"

"வாங்கவே இல்ல மேடம். அதைத்தான் சொல்றேன்."

"வாங்கியிருக்கணும்."

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மிக அபூர்வமான நோய். பசி, ஹார்மோன், மூச்சு மூன்றுக்கும் மூளையிலிருந்து போகும் கட்டளைகள் தாறுமாறாகிவிட்டன. காற்று குறைந்தால் தவிக்க வேண்டும் என்பதே அவள் உடம்புக்குத் தெரியவில்லை; தூங்கினால் மூச்சுவிட மறந்துவிடும். இனி குளம் கிடையாது. தூங்கும்போதெல்லாம் முகமூடி வழியாக இயந்திரம் காற்றைத் தள்ள வேண்டும். முகமூடிக்கு ஒத்துழைக்காவிட்டால் தொண்டையில் துளையிட்டுக் குழாய்.

மதியம் கண் சொருகும் நேரத்தில் நர்ஸ் முகமூடியோடு வந்தாள். மகள் மூன்று தடவை பிடுங்கி எறிந்தாள்.

"மூச்சு இல்லாதவங்கதான் இதைப் போடணும். நான்தான் ஜெயிச்சேனே. அப்பா, சொல்லுங்க."

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ ஜெயிக்கல கண்ணு. மத்தவங்களுக்கு மூச்சு முட்டுச்சு, வந்தாங்க. உனக்கு முட்டவே இல்ல. அது கணக்குல சேராது. அப்பா தப்பாச் சொல்லிட்டேன்."

"அப்ப யாரு ஜெயிச்சா?"

"உனக்கு முன்னாடி கடைசியா மேல வந்தானே, அந்தப் பல்லன்."

அவள் உதடு பிதுங்கியது. "அவனா? அவன் தண்ணிக்குள்ள ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அழுகுணி."

"அழுகுணிதான். இருந்தாலும் அவன்தான்."

நர்ஸ் பட்டையை இறுக்கும்போதும் அவள் பல்லனைத் திட்டிக்கொண்டிருந்தாள். முகமூடிக்குள்ளிருந்து வார்த்தைகள் புரியவில்லை. பிறகு அதுவும் நின்றது. இயந்திரம் தள்ளத் தள்ள மார்பு ஏறி இறங்கியது. அவர் கட்டிலை மறைத்துக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நகருங்க," என்றாள் மனைவி. "எனக்கும் தெரியணும்."