பர்ஸோ மாற்றிய பிரேக்

ஹம்ஸினிக்குக் கோபம் வந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. இன்னும் இறங்கவில்லை. இறங்க அவள் இடம் கொடுக்கவும் இல்லை. வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டோடு, இடது கையால் பல் தேய்த்து இடது கையால் தலை வாரிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கோபம் புரியும். அவள் வேலையே டைப் அடிப்பது. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அடித்துக் கொடுக்க வேண்டும். கை இல்லாமல் எதை அடிப்பது? லீவு போட்டுவிட்டு, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வந்து போகும் தண்ணீர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோபம் யார் மேல்? போலாரத்து மெக்கானிக் யூசுப் மேல்.

அவள் புருஷன் உமாசங்கர் சாப்ட்வேர்காரன். சொந்த ஊர் கும்பகோணம். ரிட்டயரான ராணுவக் கர்னல் ஒருவரிடம் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துப் புல்லட் ஒன்றை வாங்கினான். வாரக் கடைசியில் ஊர் ஊராகப் போகிற புல்லட்காரர்கள் கோஷ்டி ஒன்றிலும் சேர்ந்தான். வாங்கிய நாலாம் நாளே ஸ்ரீசைலம் பயணம். அந்த வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்த்து வந்தவர் யூசுப் என்பதால், கிளம்புவதற்கு முதல் நாள் அவரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

"முன் பிரேக் லைனர் முந்தாநாள்தான் மாத்தினாராம். புத்தம் புதுசு. தைரியமா உட்காரு" என்றான்.

நம்பி உட்கார்ந்தாள். மலை இறக்கத்தில், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், அவன் முன் பிரேக்கைப் பிடித்தான். லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது, வண்டி மட்டும் நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்ததில் சக்கரம் வழுக்கி, ஜல்லியில் சரிந்து, வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வண்டியைத் தூக்க வந்த ஊர் மெக்கானிக் பிரேக் டிரம்மைத் திறந்து காட்டினார். லைனர் தேய்ந்து ஆணித் தலைகள் பளபளவென்று தெரிந்தன. முந்தாநாள் மாற்றியதாம்!

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே உமாசங்கர் கோஷ்டியின் நானூறு பேருக்கும் ஒரு மெயில் எழுதினான். போலாரம் யூசுப்பிடம் யாரும் போகாதீர்கள் என்று. அவன் இங்கிலீஷ் லீவு லெட்டர் மாதிரி இருந்தது. சோபாவில் படுத்திருந்த ஹம்ஸினி பொறுக்க முடியாமல் ஒரு வரி சொன்னாள்: 'சிரித்துக்கொண்டே உங்கள் முகத்துக்கு நேராகப் பொய் சொல்வான்.' அந்த வரிதான் எல்லோருக்கும் பிடித்தது. பதில் போட்டவர்கள் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள்.

"டிஸ்க் பிரேக் போடாம இனி அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டாள். உமாசங்கர் சாமான்களை வாங்கிக்கொண்டு மூன்று ஒர்க் ஷாப் ஏறி இறங்கினான். பழைய வண்டி, முன் ஃபோர்க்கின் அடிக்குழாயை மாற்றணும், சக்கரத்தைப் பிரித்து டிஸ்க் ஹப்பில் ஸ்போக் கோக்கணும், நமக்கு வேண்டாம் என்று மூன்று பேரும் கையை விரித்தார்கள். "போலாரம் யூசுப் பாய் செய்வாரு" என்று மூன்று பேருமே சொன்னார்கள். ஊரெல்லாம் போகாதே என்று எழுதியவன், கடைசியில் தானே போய் வண்டியை இறக்கிவிட்டு வந்தான். வெட்கமில்லை என்று ஹம்ஸினி நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், "வண்டி ரெடியாம். நீயும் வா ஹம்ஸி. அந்தக் கைய அவன் பார்க்கட்டும்" என்றான்.

அதற்காகத்தான் அவளும் காத்திருந்தாள். போலாரம் அவள் பிறந்து வளர்ந்த இடம். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை. தெருவில் எல்லோரும் பேசிய உருதுதான் அவளுக்கும் விளையாட்டு மொழி. ஆனால் அதை உமாசங்கர் எதிரில் பேசினால் போச்சு. அவன் பள்ளிக்கூட நாளிலேயே இந்திப் பரீட்சை எல்லாம் எழுதி, பிரவீண் வரை முடித்தவன். "உன்னுது கொச்சை. கடைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்பான். ஆறு வருஷமாக அவன்தான் பேசினான்.

யூசுப்புக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். ஞாயிறு காலையில் புல்லட்கள் வரிசை கட்டி நிற்க வேண்டிய இடத்தில் இவர்கள் வண்டி மட்டும் நின்றது. முன் சக்கரத்தில் புது டிஸ்க், கைப்பிடியில் பிரேக் ஆயில் டப்பா, அதிலிருந்து இறங்கும் கறுப்பு ஹோஸ். வேலை சுத்தமாக இருந்தது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கட்டைப் பார்த்ததும், "யா அல்லா! கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று உருதுவில் கேட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்ன ஆச்சா? உங்களாலதான் பாய்!" ஹம்ஸினியும் உருதுவிலேயே வெடித்தாள். "தேஞ்சு போன லைனரை வெச்சுக்கிட்டு முந்தாநாள் மாத்தினேன்னு சொன்னீங்களே, மனுஷங்க உட்கார்ந்து போற வண்டின்னு தெரியாதா? பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா உங்களுக்கு?"

யூசுப் அவளையும் உமாசங்கரையும் மாறி மாறிப் பார்த்தார். "முந்தாநாளா? நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? கர்னல் சாப் காலத்துல மாத்தினது. மூணு வருஷமாவது இருக்கும். 'பர்ஸோ பத்லே', பர்ஸோ மாத்தினதுன்னுதான் சொன்னேன். மலைக்குப் போறீங்க, ஒரு தடவை திறந்து பார்த்துடறேன்னும் சொன்னேன். சாப்தான் 'நக்கோ நக்கோ', வேண்டாம்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்."

ஹம்ஸினிக்குச் சுள்ளென்று ஏறியது. அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"என்ன வார்த்தை சொன்னாரு அன்னைக்கு?"

"பர்ஸோன்னுதான் சொன்னான். பர்ஸோன்னா முந்தாநாள். எந்தப் புஸ்தகத்துல வேணா பாரு."

பாடப் புத்தகத்தில் அப்படித்தான். ஆனால் இந்த ஊரில் பர்ஸோ என்றால் நேற்று இல்லை, அவ்வளவுதான். போன வாரமும் பர்ஸோ, போன தேர்தலும் பர்ஸோ, ஹம்ஸினி ஸ்கூலில் படித்ததும் பர்ஸோ. வரப் போகிற நாளுக்கும் அதே கதிதான். நாளைக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம். கடன்காரனைப் பர்ஸோ வா என்று அனுப்பினால் அவனே புரிந்துகொண்டு போய்விடுவான். போலாரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் பிரவீணுக்குத் தெரியவில்லை.

"அந்த வார்த்தைய அப்படியே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் தமிழில் கேட்டாள். "பர்ஸோன்னாருன்னு சொல்லியிருந்தா, நான் திறந்து பாருங்கன்னு சொல்லியிருப்பேனே! எதுக்கு மொழிபெயர்த்தீங்க? திறந்து பார்க்கறேன்னு அவரு சொன்னதை எங்கிட்ட சொன்னீங்களா?"

"புது லைனரை எதுக்குத் திறக்கணும்னு..."

"பேசாதீங்க!"

யூசுப்புக்குத் தமிழ் புரியாவிட்டாலும் சண்டை புரிந்தது. சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, பேச்சை மாற்றினார்.

"சாப், உங்க கோஷ்டிக்கு என்ன ஆச்சு? ஒரு மாசமா ஒருத்தரும் வரலை. போன் பண்ணினாலும் எடுக்கறதில்லை. இருபது வருஷமா இந்த வேலைதான். என்ன தப்புன்னே தெரியலை."

ஹம்ஸினி இத்தனை நாள் வளர்த்த கோபத்தில் பாதி புருஷன் மேல் பாய்ந்திருந்தது. மீதிப் பாதி இப்போது அவள் மேலேயே திரும்பியது.

உமாசங்கர் தமிழில் அவசரமாகச் சொன்னான்: "சொல்லித் தொலைக்காதே. நான் பார்த்துக்கறேன். மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு ரெண்டு வரி போட்டுடறேன். மெதுவா."

"நீங்க பார்த்துக்கிட்டதெல்லாம் போதும்."

யூசுப்பிடம் சொன்னாள். மெயில் என்றால் என்ன, எத்தனை பேருக்குப் போனது, யார் எழுதியது, எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதினீங்க? நம்ம பேச்சுல சொல்லும்மா."

கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். 'ஏதோ குறை சொல்லியிருக்கோம்' என்றால் முடிந்தது. ஆனால் மாற்றிச் சொன்ன ஒரு வார்த்தைதான் இத்தனைக்கும் காரணம். ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கடைசியில், "சிரித்துக்கொண்டே முகத்துக்கு நேரா பொய் சொல்வான். அந்த வரி அவரு எழுதலை. நான் சொன்னது" என்றாள்.

யூசுப் சிரிக்கவில்லை. கத்தவுமில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, உமாசங்கரை நிமிர்ந்தும் பார்க்காமல், "லீவரைப் பிடிங்க. பிரேக் ஆயில்ல இருக்கற காத்தை எடுக்கறது மட்டும்தான் பாக்கி" என்றார்.

எதிரில் ஒரு இன்டர்நெட் கடை இருந்தது. ஹம்ஸினி விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள். இடது கையின் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை அடிப்பவளுக்குப் பத்து வரி அடிக்க அரை மணி ஆனது. மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் என்ற வார்த்தையே அதில் இல்லை. யூசுப் உண்மை சொன்னார், நாங்கள்தான் பொய் சொன்னோம், லைனரைப் பார்க்க விடாதது என் கணவர், அந்த வரி என்னுடையது என்று எழுதி, தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

இங்கே இன்னும் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. "அழுத்து. பிடி. விடு." அவர் சொல்லச் சொல்ல உமாசங்கர் லீவரை அழுத்தினான், பிடித்தான், விட்டான். கண்ணாடி ட்யூபில் ஆயிலோடு குமிழிகள் வந்து, குறைந்து, நின்றன. லீவர் கல்லு மாதிரி இறுகியது. யூசுப் வண்டியை எடுத்துத் தெருவில் ஒரு சுற்று போய் வந்தார். கடை வாசலில் இரண்டு விரலால் பிடித்தார். வண்டி இருந்த இடத்தில் நின்றது.

"எழுதி அனுப்பிட்டேன் பாய். எல்லாருக்கும்."

"ம்" என்றார். சாவியை அவள் இடது கையில் வைத்தார். "பிரேக் பக்கா. பயப்படாம உட்காரும்மா."

உமாசங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பரீட்சை இந்தியில் பவ்யமாகக் கேட்டான்: "புது பேட் கொஞ்சம் ஓடின பிறகு ஒரு தடவை பார்க்கணுமே. எப்போ கொண்டு வரட்டும்?"

யூசுப் ஷட்டரை எட்டிப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"பர்ஸோ" என்று சொல்லி இழுத்து மூடினார்.

"நாளன்னைக்கா?" உமாசங்கர் முகம் தெளிந்தது. "பார்த்தியா, கோபமெல்லாம் இல்லை. செவ்வாய்க்கிழமை வரச் சொல்றார்."

ஹம்ஸினி சாவியை அவன் கையில் திணித்தாள்.

"செவ்வாய்க்கிழமை இல்லீங்க" என்றாள். "இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு சொல்றாரு."