அழித்ததையும் சேர்த்து

பேசிக்கொள்ளாத அக்காவையும் தம்பியையும் ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்த அம்மாவின் அழுகையால் முடியவில்லை, நெஞ்சுவலியாலும் முடியவில்லை. கடைசியில் சீக்குப் பிடித்த ஒரு ஹார்ட் டிஸ்க் அதைச் செய்தது.

"நம்பரைச் சொல்லு," என்றான் தம்பி போனில். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. எப்படி இருக்கே என்றில்லை, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்றில்லை.

"எந்த நம்பர்?" என்றாள் அக்கா.

"தெரியாத மாதிரி நடிக்காத. மிஷினைப் பூட்டிட்டுப் போனியே, அந்த நம்பர்."

"போன்ல சொல்ற சமாச்சாரமா அது? நேர்ல வரேன்."

போனை வைத்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை காலமும் கறுவிக்கொண்டிருந்தாள்.

மிஷின் என்றால் ரெக்கார்டர். ஒரு மேஜையை அடைத்துக்கொண்டு உட்காரும். சத்தத்தை ஏற்றி இறக்க வரிசையாக ஃபேடர்கள், ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. கம்ப்யூட்டர் தேவையில்லை. பாடுகிறவர் ஒரு டிராக், தாளம் ஒரு டிராக் என்று தனித்தனியாக அதுவே பதியும், தன் வயிற்றில் இருக்கிற டிஸ்க்கில் அதுவே வைத்துக்கொள்ளும். அக்காவும் தம்பியும் பங்கு போட்டு வாங்கியது. அக்கா பாடுவாள், தம்பி பதிவான். ஒரு ஆல்பத்துக்கான பாட்டுகள் முக்கால்வாசி முடிந்த சமயத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள், கூடவே பாடுகிற குரலும் போயிற்று. நரம்பில் கொஞ்சம் கை பட்டுவிட்டது என்றார் டாக்டர், சுவரில் ஆணி அடிக்கும்போது பூச்சு உதிர்ந்துவிட்டது என்பதுபோல.

அந்தக் காயம் ஆறுவதற்குள் தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் பாடுவாள். அக்காவின் குரலுக்குப் பதிலாக அதே பாட்டுகளில் பெண்டாட்டியின் குரலை ஏற்ற ஆரம்பித்தான். சில பாட்டுக்குக் கடைசிச் சரணமே இல்லை, மேடையேற முடியாதவளுடைய ஆல்பத்தை எவன் கேட்பான் என்று நியாயம் பேசினான். நியாயம்தான். அவள் நியாயத்தையா கேட்டாள்? விட்டுவை என்று கேட்டாள். அவன் விடவில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, மிஷினுக்கு ஒரு பூட்டு நம்பர் போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பூட்டு பாட விடும், பதிய விடும். உள்ளே இருப்பதை மொத்தமாக வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கப் போனால் மட்டும் மறித்துக்கொண்டு நம்பர் கேட்கும். டிஸ்க் என்றைக்காவது சாகக் கிடக்கும், அன்றைக்கு என்னிடம் வந்து நிற்பான் என்பது அவள் கணக்கு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இவளுக்கு ஆத்திரம் வந்தால்தான் புத்தியே வேலை செய்யும்.

மாடியறை அப்படியேதான் இருந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் ஒட்டிய கறுப்புப் பஞ்சு, மூலைக்கு மூலை உரிந்து தொங்கியது. தரை முழுக்க ஒயர். ஜன்னல் ஓரத்தில் கழுவாத டம்ளர்கள். நடுவில் மிஷின், மூடி கழற்றி வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பழைய டிஸ்க் உள்ளிருந்து டக், டக் என்று தட்டியது. பக்கத்துப் பொந்தில் புது டிஸ்க், சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. முதலில் பெரிதாகப் பார்த்து ஒன்றை வாங்கி மாட்டினானாம். அவ்வளவு பெரியது இந்தப் பழைய மிஷினின் கண்ணுக்கே தெரியவில்லை. பிறகு கடை கடையாக ஏறி இறங்கிச் சின்னதாக ஒன்றைப் பிடித்து வந்திருக்கிறான்.

தம்பியின் மனைவி ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். "குடிங்க அண்ணி."

அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, நான் தண்ணி குடிக்க வரல."

வந்தவள் டம்ளரை மேஜையில் வைத்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் தண்ணீரா என்று புருஷன் எரிந்து விழுந்ததும் எடுத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். இருவரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்ட முகம் கடுகடுவென்று இருந்தது.

"நம்பர்," என்றான் தம்பி.

"என் குரல்."

"அது எப்பவோ அழிச்சாச்சு."

"யார்கிட்ட விடற கதை? இந்த மிஷின் எதை அழிச்சிருக்கு? அழின்னு சொன்னா எடுத்து ஒளிச்சு வெச்சுக்கும். குப்பையைச் சுத்தம் பண்ணுன்னு தனியா சொன்னாத்தான் நிஜமாப் போகும். நீ பொறந்ததுலேர்ந்து எதைச் சுத்தம் பண்ணிருக்க? இந்த ரூமைப் பாரு."

கதவோரத்தில் நின்றவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டாள்.

தம்பிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சரி, இருக்குன்னே வெச்சுக்க. இந்தச் சத்தத்தைக் கேளு. இது இன்னைக்குத் தாங்கினாலே பெரிசு. இப்ப இருக்கற டிராக்கை மட்டும் எடுத்தா சட்டுனு முடிஞ்சிரும். அழிச்சதையும் சேர்த்து எடுத்தா சாயங்காலம் வரைக்கும் ஓடும். அதுவும் எப்படி எடுக்கும்னு உனக்கே தெரியும். பழசுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். முதல்ல வாத்தியம், அப்புறம் உன் குரல், கடைசியிலதான் இவ பாடினது. நடுவுல டிஸ்க் செத்துதுன்னா இவ உழைச்ச அத்தனையும் மண்ணாப் போயிரும்."

"போகட்டும்," என்றாள் அக்கா.

"என்ன சொன்னே?"

"போகட்டும்னேன். என்னோடது போனப்ப நீ அழுதியா?"

அதைச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. தினம் காலையில், இவளோடு இருக்கும் அம்மா அடுப்படியில் போனைச் சாய்த்துவைத்து மருமகள் பாடியதை ஓட விடுவாள். மிஷினில் ஓட விட்டு மகன் போனில் பிடித்து அனுப்பிய அரைகுறைப் பதிவு. இரண்டாவது சரணம் வரும்போதெல்லாம் அந்தக் குரல் ஒரு நூல் கீழே இறங்கும். அக்காவுக்குப் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருக்கும். எவளோ ஒருத்தி சுதி இறங்கிப் பாடுவதற்காகத் தன்னைத் துடைத்தெறிந்தார்களே என்று அந்த இடத்தில்தான் தினமும் வயிறு எரியும்.

டிஸ்க் மறுபடி தட்டியது. இந்த முறை கொஞ்சம் வேகமாக.

"சரி, சரி. சேர்த்தே எடுத்துத் தொலைக்கறேன்," என்றான் தம்பி. "நம்பரைப் போடு."

"அம்மா மேல சத்தியம் பண்ணு."

"அம்மா மேல சத்தியம்."

ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறுகையால் நம்பரை அழுத்தினாள். பூட்டுப் படம் மறைந்து திரை கேட்டது: அழித்ததையும் சேர்த்து எடுக்கவா? ஆம், இல்லை. தம்பியின் விரல் பாய்ந்தது. எந்தப் பக்கம் பாய்கிறது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கூடப் பிறந்தவள் அல்லவா? சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள்.

"அம்மா மேல சத்தியம் பண்ணின வாய் இன்னும் மூடல, அதுக்குள்ளயா?"

"விடு! மேஜை ஆடுது! டிஸ்க்!"

இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். தம்பி குனிந்து பழைய டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினான். "கொதிக்குது. ஃபேன் வைக்காம ஒண்ணும் பண்ண முடியாது. கீழேயிருந்து எடுத்துட்டு வரேன்." மனைவியைப் பார்த்தான். "நீ இங்க வந்து நில்லு. இவளை மிஷின் பக்கம் விடாத. நான் வந்துதான் அமுக்குவேன்."

அவன் படியில் தடதடவென்று இறங்கினான். தம்பியின் மனைவி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்து, மேஜைக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றாள். இளவயசு, தெம்பான தோள். தள்ளிவிட்டுப் போக முடியுமா என்று அக்கா ஒரு கணம் யோசித்தாள். முடியாது என்று தெரிந்ததும் அழுகை முட்டியது. இவள் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் குரல் இரண்டடி தூரத்தில் அந்தத் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது. இனி உலகத்தில் வேறு எங்கும் இல்லை. காவலுக்கு நிற்பவளோ அதே பாட்டை எடுத்துக்கொண்டவள்.

அந்தப் பெண் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

டிஸ்க் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

தம்பி ஃபேனும் கையுமாக வந்து திரையைப் பார்த்தவன் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நிறுத்தவும் வழியில்லை, நகலை நடுவில் அறுத்தால் பழைய டிஸ்க் மறுபடி ஓடும் என்று நம்ப முடியாது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியா?" என்று மனைவியைக் கேட்டான். அக்காவிடம் திரும்பி, "என்ன சொல்லி மயக்கின இவளை?" என்றான். மயக்க இந்தக் குரலா உதவும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, ஃபேன் காற்றில் பஞ்சு பறப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும் நேரத்தில் பழைய டிஸ்க் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அவ்வளவுதான். தட்டிப் பார்த்தான், ஒயரைக் கழற்றி மாட்டினான், வாயால் ஊதிக்கூடப் பார்த்தான். செத்தது செத்ததுதான். மிஷின் அதுவரை வந்தது போதும் என்று எடுத்துக்கொண்டு, புது டிஸ்க்கைத் திறந்து காட்டியது.

வாத்தியம் எல்லாம் இருந்தது. அக்காவின் குரல் முழுசாக இருந்தது. தம்பியின் மனைவி பாடியதில் ஒன்றுகூட இல்லை.

அக்கா யாரையும் கேட்காமல் மேஜைக்கு வந்தாள். ஒளித்து வைத்ததை வெளியே எடுக்கும் வித்தை விரலுக்கு மறக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். அவள் குரல் அறை முழுக்க நிறைந்தது. கரகரப்பில்லாத, பயமில்லாத, வெட்கமே இல்லாமல் உச்சிக்குப் போகிற குரல். அவள் நின்றபடியே அழுதாள். இனி யார் பார்த்தால் என்ன?

பாட்டு முடிந்ததும் தம்பி கசப்பாகச் சொன்னான். "ஜெயிச்சுட்டே. போதுமா?"

"அவங்க எங்க ஜெயிச்சாங்க?" என்றாள் அவன் மனைவி. "அமுக்கினது நான்."

"ஏன்?" என்று அக்கா கேட்டாள். முதல்முறையாக நேரே அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க மேல பாசம்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு உங்களைப் புடிக்காது. நான் பாடினது ஒண்ணுகூட என் பாட்டு இல்ல, தெரியுமா? உங்க குரலை ஹெட்போன்ல ஓட விட்டுத்தான் இவரு என்னைப் பாட வெச்சாரு. அக்கா மாதிரி இழு, அக்கா மாதிரி நிறுத்து, அக்கா மூச்சு எடுத்த இடத்துலயே எடு. எல்லாம் முடிஞ்சப்புறம் உங்களை அழிச்சாரு. உங்க செருப்பைப் போட்டுக்கிட்டு நடந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. அதெல்லாம் போகணும்னுதான் அமுக்கினேன். நான் திரும்பப் பாடிக்குவேன். உங்களால முடியாது. அவ்வளவுதான் கணக்கு."

தம்பி சுவரோரம் போய் ஃபேனை அணைத்தான்.

முடியாது என்று அந்தப் பெண் சொன்னது அக்காவுக்குச் சுரீரென்று பட்டது. டாக்டர்கூட அதை அப்படி முகத்துக்கு நேரே சொன்னதில்லை. திருப்பி அடிக்க நல்லதாக ஒரு வார்த்தை தேடினாள். தேடும்போதுதான் தினமும் அடுப்படியில் கேட்ட அந்த இரண்டாவது சரணம் ஞாபகம் வந்தது, அது ஏன் இறங்கிற்று என்பதும் விளங்கியது. அந்த இடத்தில் அக்காவுக்கு மூச்சு நீளம், நிறுத்தாமல் போவாள். இந்தப் பெண்ணுக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

அக்கா தரையில் இருந்த டம்ளரை எடுத்து, அவ்வளவு நேரமும் கிடந்த அந்தத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"மைக் முன்னாடி நில்லு. ரெண்டாவது சரணத்துல சுதி இறங்கறே. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு."

"இப்பவா?"

"பின்னே எப்ப? உனக்கு எங்க மூச்சு முட்டுதோ அங்க நிறுத்து. நான் எங்க நிறுத்தினேன்னு பார்க்காத."

தம்பி மிஷின் பக்கம் வரப் பார்த்தான். அக்கா முழங்கையால் அவனை ஒதுக்கினாள். காலியாக இருந்த டிராக் ஒன்றில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். தாளம் தொடங்கியது. கூடவே ஹெட்போனில் தன் குரலும் வரும் என்பது ஞாபகம் வந்து, அந்த ஃபேடரின் மேல் விரலை வைத்து, அடிவரைக்கும் இறக்கினாள்.