நல்லசாமி வீட்டில் எட்டாவது தும்மல்

செல்வமுருகனுக்கு வயது முப்பத்திரண்டு. அட்டுவம்பட்டியில் சொந்த வீடு, சொந்த ஜீப், பார்க்க லட்சணமான முகம், எல்லாம் இருந்தது. மூக்குதான் எதிரி. மூன்று பெண் வீடுகளில், பேச்சு முடியப்போகிற நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன மூக்கு ஒரே ஒரு தும்மல் போட்டது. ஒற்றைத் தும்மல் ஆகாது என்று மூன்று வீட்டிலும் கையை விரித்துவிட்டார்கள்.

"எல்லாம் பனிதாம்லே" என்பாள் அம்மா கந்தம்மாள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவன் அப்பாவின் கம்பளிக் குல்லாவை எடுத்து அவன் காது மூட இழுத்து மாட்டுவாள். துவைத்தால் சுருங்கிவிடும் என்று இருபது வருஷமாகத் தண்ணீரே காட்டாத குல்லா.

நாலாவது பெண் பெருமாள்மலை சண்முகப்பிரியா. பார்த்த மாத்திரத்தில் செல்வமுருகன் சொக்கிப்போனான். முருகா, இந்த ஒரு தடவை மூக்கை அடக்கிக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சினான். மூக்கு அரித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மாப்ள எதுக்கு அழுகுறாரு?" என்று பெண்ணின் அப்பா நல்லசாமி முகம் சுளித்தார்.

சண்முகப்பிரியா கொடைக்கானலில் ஒரு மூக்கு டாக்டரிடம் நர்ஸ். காபித் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு, "காய்ச்சல் இருக்கா? மூக்குல கெட்டியா வருதா, தண்ணியா?" என்று கேட்டாள். பெண் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"தண்ணியாத்தாங்க" என்றான் வெட்கத்தோடு.

"குல்லா போட்டா மட்டும் வருதா?"

யோசித்துப் பார்த்தான். அட, ஆமாம்! "எல்லாம் பனிதாம்மா" என்றாள் கூட வந்திருந்த கந்தம்மாள்.

"இது பனி இல்ல அத்தை, அலர்ஜி. குல்லாவுல கெடக்குற தூசி அவருக்கு ஆகல."

குல்லாவைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். முகத்தையும் மூக்கையும் கழுவிவரச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மூக்கு சாதுவாகிவிட்டது. செல்வமுருகனுக்கு உயிர் வந்தது.

நல்லசாமிக்கும் மனசு குளிர்ந்தது. தாம்பூலத் தட்டைத் தூக்கினார். "அப்ப எங்களுக்குப் பரிபூரண சம்ம..."

"ஹச்!"

தும்மியது நல்லசாமியேதான்.

"ஒத்தத் தும்மலாப் போச்சே" என்று தட்டை மெல்லக் கீழே இறக்கினார். சண்முகப்பிரியாவின் முகம் சுண்டிப்போனது.

விட்டால் போச்சு! செல்வமுருகன் ஒரே தாவலில் ஜன்னலுக்குப் போனான். குல்லாவுக்குள் முகத்தைப் புதைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"ஹச்!"

"ரெண்டு!" என்று கத்தினாள் கந்தம்மாள். "ரெட்டைத் தும்மல், நல்ல சகுனம்!" நல்லசாமி தட்டை மறுபடி தூக்கினார்.

ஆனால் மூக்கு நிற்க வேண்டுமே. மூணு, நாலு, அஞ்சு என்று வீடே சேர்ந்து எண்ணியது. ஒற்றைப்படையாக, ஏழில் போய் நின்றது. தட்டு மறுபடி கீழே இறங்கியது. சண்முகப்பிரியா ஓடிவந்து குல்லாவை அவன் மூக்கில் வைத்து அமுக்கினாள்.

"எட்டு!"

"வெரசா மாத்துங்க, வெரசா!" என்று அடுத்த தும்மலுக்குள் அவசரப்படுத்தினாள் கந்தம்மாள்.

தட்டு மாறியது. செல்வமுருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"நாளைக்கே வந்து டாக்டரைப் பாருங்க" என்றாள் சண்முகப்பிரியா. "அத்தை, நீங்க அந்தக் குல்லாவ வெந்நித் தண்ணியில போட்டு அலசிருங்க."

"ஆத்தாடி, அலசிறாதீங்க!" என்று பதறினார் நல்லசாமி. "தாலி கட்டி முடியட்டும். அவசரத்துக்கு ஆகும்."